‘ரெண்டு இஞ்ச் தண்ணி’ என்றால் எத்தனை லிட்டர்?

கேள்வி இது: கோவைப் பக்கம் புது வீடு. 620 அடி போர் போட்டிருக்கிறார்கள். போர் போட்டவர் “ரெண்டு இஞ்ச் தண்ணி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் கடையில் “ஒன்றரை எச்.பி. போதும்” என்கிறார்கள். மோட்டார் அட்டையில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு எண். வாங்கி வைத்த ஆர்.ஓ. மெஷினின் உள்ளே ‘75 ஜி.பி.டி.’ என்று ஒன்று. பேப்பரைத் திறந்தால் கன அடி, டி.எம்.சி. இதில் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

பம்ப்செட் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இந்தக் குழப்பத்தால் பணத்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு வேண்டிய பதில். குழாய்க்கும் மோட்டாருக்கும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். போருக்கு மணிக்கு எத்தனை லிட்டர், அதுவும் நாலைந்து மணி நேரம் விடாமல் எடுத்தால் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். வீட்டுச் செலவுக்கு நாளுக்கு எத்தனை லிட்டர். இந்த மூன்றுக்கும் லிட்டர்தான் பொது, கால அளவு மட்டும் மாறுகிறது. ஏன் மாற வேண்டும் என்றால், நாம் எடுக்கும் முடிவு மாறுகிறது. வாளி எப்போது நிரம்பும் என்பது நிமிடக் கணக்கு. டேங்க் நிரம்புவது மணிக் கணக்கு. குடும்பத்துக்குத் தண்ணீர் போதுமா என்பது நாள் கணக்கு. இஞ்சும் எச்.பி.யும் இந்த வரிசையிலேயே வராது. இரண்டும் தண்ணீரின் அளவே இல்லை.

இஞ்ச் கதையை முதலில் பார்ப்போம். உங்கள் பணம் போகக்கூடிய இடம் அதுதான்.

போர் போட்டு முடிக்கும்போது கம்ப்ரசர் காற்றை உள்ளே அடித்துத் தண்ணீரை மேலே தள்ளுவார்கள். பொங்கி வரும் தண்ணீரைச் சேற்றில் ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டித் திருப்பி, அதன் குறுக்கே ஒரு இரும்புத் தகட்டை ஊன்றுவார்கள். தகட்டின் நடுவில் ‘வி’ வடிவத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் வழியும்போது, வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு இஞ்ச் உயரம் நின்றால் ‘ரெண்டு இஞ்ச் தண்ணி’. பலர் நினைப்பது போல இரண்டு இஞ்ச் குழாய் நிறைய வரும் தண்ணீர் அல்ல இது.

வெட்டு 90 டிகிரி கோணத்தில் இருந்தால், ஒரு இஞ்ச் என்பது நிமிடத்துக்குச் சுமார் எட்டரை லிட்டர், அதாவது மணிக்கு 500 லிட்டர். அப்படியானால் இரண்டு இஞ்ச் 17 லிட்டர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது 48 லிட்டர்! மூன்று இஞ்ச் 130 லிட்டரைத் தாண்டும். நான்கு இஞ்ச் 270. உயரம் இரட்டித்தால் ‘வி’யின் அகலமும் இரட்டித்துவிடுகிறது, ஆக தண்ணீர் போகும் வழி நான்கு மடங்கு. ஆழம் கூடியதால் வேகமும் கூடுகிறது. எல்லாம் சேர்ந்து ஐந்தரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது. பக்கத்துக் காட்டுக்காரருக்கு நாலு இஞ்ச், நமக்கு ரெண்டு இஞ்ச் என்றால் அவருக்கு நம்மைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் என்று பொருள் இல்லை, ஐந்தரை மடங்கு.

இதிலேயே இன்னொரு விஷயம். ஸ்கேலைத் தகட்டின் வெட்டிலேயே வைத்துப் பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும், ஏனென்றால் விழும் இடத்தில் தண்ணீர் சரிந்துவிடும். ஒரு முழம் பின்னால், தண்ணீர் அமைதியாக நிற்கும் இடத்தில் பார்க்க வேண்டும். கால் இஞ்ச் தவறினால் என்ன ஆகும்? இரண்டு இஞ்சுக்கும் இரண்டேகாலுக்கும் நடுவில் மணிக்கு ஆயிரம் லிட்டர் வித்தியாசம். சேறும் நுரையுமாகக் குதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் கால் இஞ்ச் யார் கண்ணுக்குத் தெரியும்?

என் வீட்டுப் போர் விஷயத்தில் நானே இதில் மாட்டினேன். இரண்டரை இஞ்ச் என்று சொன்னார்கள். கணக்குப்படி மணிக்கு 5,000 லிட்டர். சந்தோஷமாக இரண்டு எச்.பி. மோட்டாரை 520 அடியில் இறக்கினேன், நிமிடத்துக்கு 30 லிட்டர் வந்தது. இரண்டு மணி நேரம் அருமையாக ஓடியது. அப்புறம் குழாய் துப்ப ஆரம்பித்தது. தண்ணீர், காற்று, தண்ணீர், காற்று. மோட்டாரை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆறரை இஞ்ச் போரில் ஒவ்வொரு அடிக்கும் ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கிறது. 120 அடியிலிருந்து 520 அடி வரை 400 அடித் தண்ணீர் என்றால் 2,600 லிட்டர். நான் எடுத்தது போரில் ஊறும் தண்ணீரை அல்ல, ஏற்கெனவே சேர்ந்து நின்றதை. கம்ப்ரசர் அன்றைக்குத் தள்ளியதும் பெரும்பாலும் அதைத்தான். போர் போட்டவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த நேரத்தில் இரண்டரை இஞ்ச்தான் நின்றிருக்கும்.

வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, காற்று வராமல் நிலையாக ஓடும் இடத்தைப் பிடித்து, கேனை வைத்து அளந்தேன். நிமிடத்துக்கு 9 லிட்டர். அவர்கள் கணக்கில் அது ஒரு இஞ்சைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் பாருங்கள், 9 லிட்டர் என்றால் மணிக்கு 540 லிட்டர். நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றுதான் அரசுத் திட்டங்களில் கணக்கு வைக்கிறார்கள். நான்கு பேருக்கு 540 லிட்டர். என் வீட்டு ஒரு நாள் தேவை அந்தப் போரில் ஒரே மணி நேரத்தில் ஊறிவிடுகிறது. “ஒரு இஞ்ச்தானா” என்று முகம் வாடிப் போகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். வீட்டுக்கு ஒரு இஞ்ச் தாராளம். அதையே ஒரு ஏக்கருக்குப் பாய்ச்ச நினைத்தால் போதாது. ஒரு ஏக்கரில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும் என்றாலே 20,000 லிட்டர் வேண்டும். ஒரு இஞ்ச் போர் 24 மணி நேரம் ஓடினாலும் 12,000 லிட்டர்தான். அளவு ஒன்றுதான். அது கூடுதலா குறைவா என்பது லிட்டரில் எழுதிய பிறகுதான் தெரிகிறது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: மோட்டார் வாங்கும் முன், முடிந்தால் ஒரு வாடகை மோட்டாரை இறக்கி நாலைந்து மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கடைசி அரை மணி நேரத்தில் வரும் தண்ணீர்தான் உங்கள் போரின் தண்ணீர். அதை மணிக்கு இத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள், கூடவே மாதத்தையும். சித்திரையில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை பார்த்தால் இன்னும் நல்லது.

சரி, எப்படி அளப்பது? இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறதே, அதைவிட நல்ல அளவுப் பாத்திரம் கிடைக்காது. குடமும் வாளியும் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கேன் மாறாது. குழாயை முழுதாகத் திறந்து, கேனை வைத்து, போனில் நேரம் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். ஒரு நிமிடம் 20 விநாடி என்றால் 15 லிட்டர். விநாடியில் வரும் நேரத்தால் 1,200ஐ வகுத்தால் நேராக நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று வந்துவிடும். என் சமையலறைக் குழாய் 9, குளியலறைக் குழாய் 14. இந்த இரண்டு எண் தெரிந்த பிறகு, பல் தேய்க்கும் மூன்று நிமிடமும் குழாயைத் திறந்து வைத்தால் எவ்வளவு போகிறது என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவர்களே பெருக்கிப் பார்த்துவிட்டார்கள்.

மோட்டார் தரும் தண்ணீரைக் கேனில் பிடிப்பது சிரமம், சீக்கிரம் நிரம்பிவிடும். அதற்குத் தரைத்தொட்டியையே பாத்திரமாக்கிக்கொள்ளலாம். தொட்டி ஆறடிக்கு ஐந்தடி என்றால் 30 சதுர அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆக ஒரு இஞ்ச் தண்ணீர் இறங்கினால் சுமார் 71 லிட்டர் போயிருக்கிறது. ஒரு குச்சியை விட்டு ஈரம் நிற்கும் இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் மோட்டார் ஓட்டி மறுபடி விடுங்கள். எட்டு இஞ்ச் இறங்கியிருந்தால் 568 லிட்டர், நிமிடத்துக்கு 57. அந்தப் பத்து நிமிடமும் தொட்டிக்குள் வரும் தண்ணீரை மூடி வைக்க மறக்கக் கூடாது. இந்த இஞ்ச் நேர்மையான இஞ்ச், ஏனென்றால் தொட்டியின் சுவர் செங்குத்தாக நிற்கிறது. ஒவ்வொரு இஞ்சிலும் அதே அளவு தண்ணீர்தான்.

அடுத்தது எச்.பி. அது மோட்டாரின் பலம். அந்தப் பலத்தை வைத்துக் குறைந்த தண்ணீரை வெகு உயரம் தூக்கலாம், அல்லது நிறையத் தண்ணீரைக் கொஞ்சம் உயரம் தூக்கலாம். திறன் 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை எச்.பி.யால் 150 மீட்டர் ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு 20 லிட்டர்தான் கொண்டுவர முடியும். அதே பலம் 15 மீட்டர் உயரத்துக்கு 200 லிட்டர் தூக்கும். ஆகவே கடையில் எச்.பி.யைக் கேட்காதீர்கள். “இத்தனை மீட்டர் ஹெட்டில், அதாவது இத்தனை மீட்டர் உயரம் தூக்கினால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும்?” என்று கேளுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மணிக்கு 3,000 லிட்டர் என்பது, தண்ணீரை ஏறக்குறைய தூக்கவே வேண்டாத இடத்தில் வரும் அளவாக இருக்கும். தவிர, அது நிமிடத்துக்கு 50 லிட்டர்தான். மணிக் கணக்கில் எழுதினால் எண் பெரிதாகத் தெரிகிறது. விவசாய மோட்டார் தகடுகளில் விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று இருக்கும், அதை 60ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். உங்கள் போர் உண்மையிலேயே இரண்டு இஞ்ச் தந்தால் ஊறுவது நிமிடத்துக்கு 48, மோட்டார் எடுப்பது 20. கவலையே வேண்டாம். என் போர் மாதிரி 9 ஆக இருந்தால் டைமர் போட்டு விட்டு விட்டு ஓட்ட வேண்டும்.

ஆர்.ஓ. மெஷினின் 75 ஜி.பி.டி. என்பது நாளுக்கு 75 கேலன், அமெரிக்க கேலன். ஒரு கேலன் 3.785 லிட்டர். நாளுக்கு 284 லிட்டர், மணிக்குப் பன்னிரண்டு. யாரும் ஆர்.ஓ.வை 24 மணி நேரமும் ஓட்டுவதில்லை, அதனால் அதற்கு மணிக் கணக்குதான் பொருத்தம். ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப ஐந்து நிமிடம், அதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. வெளியேறும் கழிவுத் தண்ணீரையும் அதே ஐந்து நிமிடம் ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். பிடித்தவர்கள் அடுத்த நாளே அந்தக் குழாயைச் செடிப் பக்கம் திருப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒழுகலுக்கு இதற்கு நேர் எதிர்ப் பக்கம் போக வேண்டும். சொட்டும் குழாயை நிமிடத்துக்கு லிட்டரில் எழுதினால் 0.003 என்று வரும். அதைப் பார்த்து யாரும் பிளம்பரைக் கூப்பிட மாட்டார்கள். நாள் கணக்கில் எழுதுங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் நாளுக்கு நாலேகால் லிட்டர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சலைன் பாட்டிலைச் சரிசெய்யும்போது கவனித்திருப்பீர்கள், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்றுதான் எண்ணுவார். அரை லிட்டர் நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. லிட்டரையோ மில்லியையோ கண்ணால் எண்ண முடியாது, சொட்டை எண்ணலாம். எண்ணக்கூடியதை அளவாக வைத்துக்கொண்ட அந்த ஏற்பாட்டை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சொட்டைவிட மோசம், கழிவறை ஃப்ளஷ் டேங்கிலிருந்து நூல் மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும் தண்ணீர். சத்தமே இருக்காது. ஒரு லிட்டர் சேர மூன்று நிமிடம் என்றால், நாளுக்கு 480 லிட்டர். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் தண்ணீரே அதுதான்! டேங்கில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கலந்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஃப்ளஷ் பண்ணாமலே கீழே மஞ்சள் வந்தால் ஒழுகுகிறது.

தோட்டம் வைத்தால் சொட்டு நீர்க் குழாயில் மணிக்கு 2, 4, 8 லிட்டர் என்று வரும். தென்னைக்கு எட்டு லிட்டர் சொட்டுவான் நான்கு, மூன்று மணி நேரம் என்றால் 96 லிட்டர், முடிந்தது. மொட்டை மாடி மழைக்கு, 1,000 சதுர அடியில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் 93 லிட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் கொட்டினால் நிமிடத்துக்கு 77 லிட்டர் இறங்கும். மழைநீர்க் குழாய் அதைத் தாங்குமா என்று கட்டும்போதே பார்த்துவிடுங்கள்.

இனி பேப்பரில் வரும் கன அடி. அதை நம் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அதன் இடத்தில் அது மிகச் சரியான அளவு. விநாடிக்கு ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். வாய்க்காலில் ஒரு கன அடி தண்ணீர் ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு ஏக்கரில் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் தண்ணீர் நிற்கும். ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு ஏக்கரில் இரண்டடி. நிலத்தை ஏக்கரிலும் ஆழத்தை அடியிலும் அளந்த காலத்தில், மனக்கணக்காகவே பாசனத்தைப் பார்க்க இதைவிட வசதியான அளவு எது? அந்த ஒரு மணி நேரத் தண்ணீரையே லிட்டரில் சொன்னால் ஒரு லட்சத்தைத் தாண்டும், வயலில் நிற்கிறவருக்கு அது ஒன்றும் சொல்லாது.

ஆனால் கன அடியையும் டி.எம்.சி.யையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, தண்ணீரின் இருப்பு. கன அடி என்று செய்தியில் சொல்வது விநாடிக்கு, அது ஓட்டம். இரண்டையும் இணைக்கும் எண் ஒன்று இருக்கிறது: விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வரத்தே இல்லாமல் 10,000 கன அடி திறந்துகொண்டே இருந்தால், கணக்குக்கு, 108 நாளில் தீரும். காவிரி வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் காவிரியை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது, அது ஒரு வருடத்துக்கு. காலத்தைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு உயிர். குறுவைக்கு ஜூனில் வர வேண்டிய தண்ணீர் நவம்பரில் வந்தால், வருடக் கணக்கு சரியாகவே இருக்கும், நாற்று இருக்காது. அதனால்தான் அந்தப் பங்கீட்டை மாதவாரியாகவும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்தார்கள் என்ற செய்தி அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு என்ன சொல்லியிருக்கும்? அது விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி சென்னையில் எல்லோரும் பார்த்தது. விநாடிக்கு அறுபத்தெட்டு லாரி. வெள்ளத்துக்கு லாரியும் சரியான அளவு இல்லை என்பேன். ஆற்றங்கரையில் இருப்பவருக்கு வேண்டியது தன் தெருவில் தண்ணீர் எத்தனை அடி நிற்கும், எத்தனை மணிக்கு வரும் என்பது. கன அடி அணைப் பொறியாளருக்கு, அடியும் மணியும் மக்களுக்கு.

ஊர் குடிநீருக்கு எம்.எல்.டி., அதாவது நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர். இதுவும் நல்ல தேர்வுதான், ஏனென்றால் ஆளுக்கு 135 லிட்டரால் வகுத்தால் ஒரு எம்.எல்.டி. என்பது 7,400 பேர். மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீர் ஆலை 100 எம்.எல்.டி. என்றால் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கான தண்ணீர். கன அடியில் சொன்னால் வெறும் 41. ஆறு வேறு, ஊர் வேறு.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. கூட்டுக் கிணறு இருக்கும் ஊர்களில் லிட்டர், கன அடி எதுவும் இல்லாமலே தண்ணீரைப் பங்கிட்டு வருகிறார்கள். உனக்குத் திங்கள், எனக்குச் செவ்வாய். வாய்க்காலில் முறைப் பாசனமும் அப்படித்தான். கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று என்னும்போது நேரமே போதுமான அளவு. கோடையில் ஊற்று குறைந்தால் எல்லோருடைய மணி நேரத்திலும் ஒரே மாதிரி குறைகிறது. லிட்டர் கணக்கில் பங்கு வைத்திருந்தால் கடைசிப் பங்காளிக்கு வெறும் சேறுதான் மிஞ்சும். பங்கு போடுவதற்கு நேரம், தேவையைப் பார்ப்பதற்கு லிட்டர். உங்கள் போரைத் தம்பி வீட்டோடு பகிர்வதாக இருந்தால் இதையும் மனதில் வையுங்கள்.

மோட்டார் ரூமில் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் மூன்று எண்ணைப் பெயின்ட்டிலேயே எழுதி வைக்கச் சொல்வேன்: போர் மணிக்கு எத்தனை லிட்டர், மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், தரைத்தொட்டியில் ஒரு இஞ்சுக்கு எத்தனை லிட்டர். பக்கத்தில் அளந்த தேதி. நாளைக்குத் தண்ணீர் குறைகிறது என்று தோன்றினால் போரா, மோட்டாரா, ஒழுகலா என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அளந்துவிட்டு அந்த மூன்று எண்ணையும் அனுப்புங்கள், எந்த மோட்டார், டைமரை எப்படி வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.